கோர்ஃபக்கான் மீன் வண்டி

அந்த டொயோட்டா ஹைலக்ஸோடு ஒரு சாக்கும் வந்தது. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் வேலை பார்த்த கேரேஜ் வாசலில் வண்டியை நிறுத்திய பட்டான் டிரைவர் முதலில் இறக்கியது அந்தச் சாக்கைத்தான். உள்ளே பழைய பிளக்குகள், பிளக் ஒயர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், ஒரு இக்னிஷன் காயில், பெட்ரோல் ஃபில்டர்கள், கார்புரேட்டரைப் பிரித்தபோது கழற்றிய சில்லறைச் சாமான்கள். வேறு வேறு கேரேஜ்களில் அவர் காசு கொடுத்து மாற்றியவை. கழற்றிய சாமானைத் தன்னிடமே தரவேண்டும் என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டு வாங்கியிருக்கிறார். புதுசு போட்டார்கள் என்பதற்கு அவர் கையில் இருந்த ஒரே சாட்சி அது. வண்டியின் கோளாறு மட்டும் அப்படியே இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வண்டி அதற்குப் பத்து வருஷம் முந்தையது. ஒற்றை கேபின், பின்னால் மீன் பெட்டி அடுக்கும் தொட்டி, 22ஆர் என்கிற 2366 சி.சி. பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர், தலைக்கு மேலே ஒரு கேம் ஷாஃப்ட், அதைச் சுற்றும் செயின், இரண்டு தொண்டை கார்புரேட்டர். பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இருபுறமும் கை தாராளமாக இறங்கும். பெட்ரோல் பம்ப் தலையின் முன்பக்கத்தில் உட்கார்ந்து கேம் ஷாஃப்டின் உதையில் ஓடும்; பக்கத்திலேயே டிஸ்ட்ரிபியூட்டர். எதையும் எட்டிப் பார்க்கலாம், தொடலாம், கழற்றிச் சோதித்து மாட்டலாம். இன்றைக்கு ஒரு பிளக்கைப் பார்க்கப் பாதி எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும்போதெல்லாம் அந்த எஞ்சினைச் செய்தவர்களை மரியாதையோடு நினைத்துக்கொள்வேன்.

அந்த வண்டிக்கு வேலை கோர்ஃபக்கானிலிருந்து ஷார்ஜா மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றி வருவது. கோர்ஃபக்கான் ஷார்ஜாவைச் சேர்ந்ததுதான், ஆனால் ஹஜர் மலைக்கு அந்தப் பக்கம், கிழக்குக் கடலோரத்தில் இருக்கிறது. மலையைக் குடைந்து போட்ட நேர்ப் பாதை 2019இல்தான் திறந்தது. அப்போதெல்லாம் ஃபுஜைரா வந்து, வாடி ஹாம் வழியாக மசாஃபி வரை ஏறி, அப்புறம் தைத் வழியாக இறங்க வேண்டும். ஐஸும் மீனுமாகப் பாரம் ஏறிய வண்டிக்கு அந்த ஏற்றம்தான் பரீட்சை.

எங்கள் கேரேஜில் தலைமை மெக்கானிக் கீழக்கரைக்காரர். நாங்கள் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பட்டான்கள் உஸ்தாத் என்பார்கள். நான் அவரிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தேன். வண்டி வந்ததும் பானெட்டைத் தூக்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரு ஸ்டூலைப் போட்டு டிரைவரை உட்காரவைத்து, சுலைமானி டீ வரவழைத்து, பேசவிடுவார். குறுக்கே அவர் போடும் கேள்வி அநேகமாக ஒன்றே ஒன்று.

"எப்ப, கான் சாப்?"

குலுங்குகிறது என்றார் டிரைவர். எப்ப? நிற்கும்போது, சிக்னலில். கியர் ராடே ஆடும், சில சமயம் அணைந்துவிடும். காலையில் ரொம்ப மோசம். ஓடும்போது? ஓடும்போது ஆட்டம் தெரியவில்லை. அப்புறம், ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு கணம் ஒன்றுமே இருக்காது, பிறகு துள்ளிக்கொண்டு போகும். எப்ப? எந்த வேகத்திலும், திடீரென்று மிதித்தால். மெல்ல அழுத்தினால் பரவாயில்லை. அப்புறம் அந்த ஏற்றம். வாடி ஹாமில் பாதி வந்ததும் இழுவை போய்விடும், திணறும், கடைசியில் நின்றே போகும். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீரை எடுத்துப் பெட்ரோல் பம்பின் மேல் ஊற்றினால் சிறிது நேரத்தில் கிளம்பும். அதனாலேயே பம்பைச் சுற்றி ஈரச் சாக்குத் துணி கட்டியிருந்தார். எல்லா கேரேஜிலும் சொன்னது இதுதானாம்: வெயில், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிறது, என்ன செய்ய முடியும்?

பாய் என்னைப் பார்த்தார். "இது ஒரு கோளாறு இல்ல தம்பி. ரெண்டு இருக்கு, மூணுகூட இருக்கலாம். நிக்கிறப்ப வர்றதையும் ஏத்தத்துல வர்றதையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காதே."

பல வருஷம் கழித்தும் இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஓடி ஓய்ந்த வண்டி ஒரு நோவோடு வருவதில்லை. ஆனால் பார்க்கிறவர் மனசு ஒரே காரணத்தைத் தேடித்தான் ஓடும். காயிலை மாற்றிப் பார்க்கிறோம், குலுக்கல் நிற்கவில்லை, காயில் இல்லை என்று முடிவு கட்டுகிறோம். ஃபில்டரை மாற்றுகிறோம், துள்ளல் நிற்கவில்லை. ஒரு கோளாறு இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அந்தச் சாக்கு அப்படித்தான் நிரம்பியது.

முதலில் எஞ்சினின் உடம்பைப் பார்த்தோம். "உள்ள நல்லா இருக்கான்னு தெரியாம கார்புரேட்டர்ல கை வைக்கக் கூடாது" என்பது அவர் சட்டம். எஞ்சினைச் சூடாக்கி, டாப்பெட் மூடியைத் திறந்து, ஃபீலர் கேஜை விட்டு, இன்டேக் வால்வுக்கு 0.20, எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தோம். பிறகு கம்ப்ரஷன். இந்த எஞ்சினுக்கு டொயோட்டா சொல்லும் அளவு 171 பி.எஸ்.ஐ., 142க்குக் கீழே இறங்கக்கூடாது. நான்கு சிலிண்டரும் 155ஐ ஒட்டி ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தன. வயசுக்கு நல்ல உடம்பு. பிளக் ஒயர்கள் 1-3-4-2 வரிசையில் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தோம். பல கை பட்ட வண்டியில் அதையும் பார்க்கத்தான் வேண்டும். டைமிங் லைட் அடித்ததில் குறி அதன் இடத்தில் நின்றது.

எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக் ஒயரை எடுத்து எர்த்தில் கொடுத்தோம். செத்த சிலிண்டர் இருந்தால் அதன் ஒயரை எடுக்கும்போது ஓட்டத்தில் மாற்றம் தெரியாது. இங்கே எதை எடுத்தாலும் ஓட்டம் ஒரே அளவுக்கு இறங்கியது. நான்கும் வேலை செய்கின்றன, நான்கும் ஒரே மாதிரி நலிந்திருக்கின்றன. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் முனைகள் நான்கும் வெளுத்திருந்தன. பெட்ரோல் குறைவு, அல்லது காற்று அதிகம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று என்பது முழுசாக எரிவதற்கான கணக்கு. காற்று அதற்கு மேல் கூடிக்கொண்டே போனால் தீ பிடிக்கத் தயங்கும். நான்கு சிலிண்டருக்கும் பொதுவான ஓரிடத்தில்தான் இந்தக் காற்று புகுந்திருக்க வேண்டும்.

பாய் வாக்யூம் கேஜை எடுத்து மேனிஃபோல்டில் மாட்டினார். நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 22 அங்குலம் வரை காட்டும், ஊசி அசையாது. இதில் ஊசி 13இல் நின்றது. ஆனால் அசையாமல் நின்றது. "ஊசி துடிச்சா வால்வப் பாரு. அசையாம கீழ நின்னா டைமிங்கப் பாரு, காத்து ஒழுக்கப் பாரு." டைமிங் பார்த்தாகிவிட்டது.

பக்கத்து லாண்ட்ரியில் துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற ஒரு ஸ்பிரே பாட்டில் இருந்தது. பாய் அதைத்தான் இதற்கு வாங்கிவரச் சொல்வார். ஓடும் எஞ்சினின் சூட்டில் பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; தீப்பிடித்ததையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் போதும். சந்து இருக்கிற இடத்தில் தண்ணீர் பட்டால் அது ஒரு கணம் சந்தை அடைக்கும், எஞ்சின் சத்தம் உடனே மாறும். பிரேக் பூஸ்டர் ஓஸ், மேனிஃபோல்ட் கேஸ்கெட், சின்னச் சின்ன வாக்யூம் டியூப்கள் என்று ஒவ்வொன்றாகத் தெளித்துக்கொண்டே வந்தோம். ஒன்றும் மாறவில்லை. கார்புரேட்டரின் அடியில், பின்பக்க மூலையில் தெளித்தபோது குலுக்கல் சட்டென்று அடங்கி, ஊசி மேலே ஏறி, தண்ணீர் உள்ளே போனதும் மறுபடி விழுந்தது. டிரைவர் ஸ்டூலை விட்டு எழுந்துவந்து அதை மறுபடி செய்துகாட்டச் சொன்னார்.

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே கறுப்பாக, தடிமனாக ஒரு இன்சுலேட்டர் இருக்கும். கீழே உள்ள சூடு மேலே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலுக்கு ஏறாமல் தடுப்பது அதன் வேலை. கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டியவர் நட்டுகளைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கியிருந்தார். இன்சுலேட்டர் ஒரு மூலையில் விரிசல் விட்டு வளைந்திருந்தது, கேஸ்கெட் கிழிந்திருந்தது. கண்ணாடித் துண்டின் மேல் கார்புரேட்டரின் அடிப்பாகத்தை வைத்துப் பார்த்தோம், நல்லவேளை அது வளையவில்லை. நின்றால் குலுங்கி, ஓடினால் அடங்குவதற்கும் இதுதான் காரணம். ஐடிலில் திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும், எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் சந்து வழியே வருவது பெரிய பங்கு. தகடு திறந்து காற்று வெள்ளமாக வரும்போது அதே சந்துக் காற்று கணக்கிலேயே வராது. இன்சுலேட்டர் ஸ்க்ராப் கடையில் நல்லதாகக் கிடைத்தது, கேஸ்கெட் புதுசு. மாட்டியதும் ஊசி 18க்குப் போய் நின்றது. கியர் ராடு அசையவில்லை.

டிரைவருக்கு அப்போதே கிளம்பிவிட ஆசை. பாய் விடவில்லை. ஆக்சிலேட்டரைத் திடீரென்று மிதித்தால் அந்தத் தயக்கம் குறைந்திருந்தது, போகவில்லை.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினை அணைத்து, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துக் கையால் திராட்டிலை இழுத்தோம். இழுத்த அந்தக் கணமே உள்ளே பெட்ரோல் ஒரு கீற்றாகப் பீய்ச்ச வேண்டும். தகடு சட்டென்று திறந்தால் காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் கனம், அது பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆக்சிலேட்டர் பம்ப் என்ற குட்டி பிஸ்டன் இருக்கிறது. இங்கே கீற்று வரவில்லை. பாதி தூரம் இழுத்தபின் சொட்டாக வழிந்தது. கழற்றினால், ரிப்பேர் கிட்டில் வந்த புது பிஸ்டனின் ரப்பர் விளிம்பு போடும்போதே உள்பக்கம் மடங்கியிருந்தது. ரப்பரும் தரமில்லாதது, விரலால் நீவினால் நிமிரவில்லை. பாய் எழுந்துபோய் சாக்கைக் கவிழ்த்தார். பிளக்குகளுக்கு நடுவில் தேடி எடுத்த பழைய பிஸ்டன், வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்தது, விளிம்பு கெடாமல் இருந்தது. கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, அதையே போட்டோம். இழுத்ததும் கீற்று நேராகப் பாய்ந்தது. கழற்றிப்போட்ட பழைய சாமானை அன்றிலிருந்து நான் உடனே குப்பையில் போடுவதில்லை.

மிச்சம் இருந்தது ஏற்றம். அதை கேரேஜில் வைத்துப் பார்க்க முடியாது. பம்பை மட்டும் முதலில் பார்த்தோம். வெளியேறும் ஓஸை ஒரு பாட்டிலில் விட்டு ஓட்டினால் பெட்ரோல் திடமாக அடித்து வந்தது. உறிஞ்சும் வாயில் அதே வாக்யூம் கேஜை மாட்டினால் ஊசி ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. பம்ப் நல்லது. பிறகு பம்பின் உறிஞ்சும் வாயில் ஒரு டீ ஜாயின்டைப் போட்டு, அதிலிருந்து நீளமாக ஓஸ் இழுத்து, கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே, எங்களைப் பார்த்தபடி டேப் போட்டு ஒட்டினார் பாய். பெட்ரோல் லைனோடு தொடர்புள்ள எதையும் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை லீவு. மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து கோர்ஃபக்கான் போய், மீன் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஃபுஜைரா தாண்டி வாடி ஹாமுக்குள் நுழையும்வரை ஊசி பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. இரண்டு பக்கமும் பச்சையே இல்லாத பழுப்பு மலை, ரோடு மேலே மேலே போகிறது, டிரைவர் மூன்றாவது கியரில் அழுத்திப் பிடித்திருக்கிறார். ஊசி நகர ஆரம்பித்தது. எஞ்சின் அப்போதும் நன்றாகத்தான் இழுத்தது. ஊசி ஏற ஏற நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டோம். ஓரளவுக்கு மேல் போனதும் வண்டி ஒரு தடவை விக்கியது, பிறகு திணறியது, ஓரம் கட்டுவதற்குள் நின்றது.

டிரைவர் ஐஸ் தண்ணீருக்குப் போனார். பாய் அவர் கையைப் பிடித்தார். "ஊத்தாதீங்க. எப்பவும் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்து பாப்போம்." முதலில் டேங்க் மூடியைத் திறந்தார். உள்ளே காற்று போகாமல் டேங்கே உறிஞ்சிக்கொண்டிருந்தால் அப்போது ஊசி விழுந்திருக்கும், விழவில்லை. வெயிலில் நின்றுகொண்டு மூவரும் ஊசியையே பார்த்தோம். மெதுவாக இறங்கியது. பூஜ்யத்தைத் தொட்டபின் சாவியைத் திருப்பினார், வண்டி கிளம்பியது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

அத்தனை மாதமும் டிரைவரின் வண்டியைக் கிளப்பியது ஐஸ் தண்ணீர் அல்ல, அதை எடுத்துவந்து ஊற்றுவதற்கு ஆன நேரம். தண்ணீர் ஊற்றாமல் ஒரு தடவை காத்திருந்து பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மீன் கெட்டுவிடும் என்ற பதற்றத்தில் இருப்பவருக்கு அது தோன்றாது, அதில் அவர் தப்பு ஏதும் இல்லை. பார்க்கிற மெக்கானிக்குக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பம்ப் நல்லது, டேங்க் மூடி நல்லது, ஆனாலும் பம்ப் கஷ்டப்பட்டு உறிஞ்சுகிறது. அப்படியென்றால் டேங்கிலிருந்து பம்ப் வரை நடுவில் எங்கோ வழி அடைகிறது. கேரேஜில் வந்து டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயை ஊதினோம், தடையில்லை. மிச்சம், சேஸிஸ் குழாயிலிருந்து பம்புக்கு ஏறும் ரப்பர் ஓஸ். வெளியே பளபளவென்று புதுசாக இருந்தது. யாரோ சமீபத்தில் மாற்றியது. பெட்ரோலுக்கான ஓஸ் அல்ல, சாதாரண ரப்பர். பாய் பிளேடால் நெடுக்குவாட்டில் கிழித்துக் காட்டினார். உள்சுவர் பெட்ரோலில் ஊறி உப்பி, துளை பாதியாகியிருந்தது. தொட்டால் கொழகொழ. சமதளத்தில் எஞ்சின் கேட்கும் பெட்ரோலுக்கு அந்த வழி போதும். ஏற்றத்தில் பம்ப் வேகமாக உறிஞ்ச, எஞ்சின் சூட்டில் ரப்பர் இன்னும் இளக, ஊறிப்போன ஸ்ட்ராவைப் போல ஓஸ் தட்டையாக ஒட்டிக்கொண்டது. வண்டி நின்றால் உறிஞ்சல் தளர்ந்து திறந்துகொள்ளும். வெயிலும் பொய் இல்லை. உறிஞ்சல் கூடி அழுத்தம் குறைகிற இடத்தில் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆக, வெயில் என்று சொன்னவர்கள் பாதி சரிதான், ஆனால் அந்தப் பாதியோடு நின்றுவிட்டார்கள். வெயிலை மாற்ற முடியாது, ஓஸை மாற்றலாம்.

இப்போது நான் ராமநாதபுரம் பக்கம் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சூப்பர் கேரி மாதிரி பெட்ரோல் வண்டிகள் வருகின்றன, ஸ்கேனர் மாட்டினால் சில சமயம் பி 0171 என்ற எரர் கோட் வரும். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சரை மாற்றிவிடும் பட்டறைகள் உண்டு. ஸ்கேனர் நோவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் டிரிம் எண்ணை நான் திரையில் வைத்துக்கொண்டு ஐடிலில் பார்ப்பேன், 2500 ஆர்.பி.எம்.இல் பார்ப்பேன், பாரத்தோடு ஓட்டியும் பார்ப்பேன். ஐடிலில் எண் பெரிதாக இருந்து வேகத்தில் குறைந்தால் காற்று ஒழுக்கு. பாரத்தில் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் வரத்தில் குறை. அந்த ஹைலக்ஸ் இரண்டையும் ஒரே உடம்பில் வைத்திருந்தது. என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு இதை விளக்கும்போது ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டு வாடி ஹாம் கதையைத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு அது சட்டென்று பிடிபடுகிறது.

பில் போடும்போதுதான் சங்கடம் வந்தது. ஒரு சாண் ஓஸ், கேஸ்கெட், ஸ்க்ராப் இன்சுலேட்டர் எல்லாம் சேர்த்தாலும் சில திர்ஹம்தான். கேரேஜ் முதலாளி பில்லைப் பார்த்து முகம் சுளித்தார், இத்தனை நேரம் போட்ட வேலைக்கு இவ்வளவுதானா என்று. கேரேஜ்கள் பிழைப்பது சாமானில் வைக்கும் லாபத்தில். சாமானே மாற்றாத மெக்கானிக் முதலாளிக்கு நஷ்டம். ஆகவேதான் சாமான் மாறுகிறது, சாக்கு நிரம்புகிறது. பாய் பில்லில் ஒரு வரி சேர்த்தார்: கோளாறு கண்டுபிடித்த கூலி. தொகை சாமான் விலையைவிடப் பல மடங்கு. டிரைவர் அந்த வரியை யாரையோ படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டார். பேரம் பேசவில்லை. அடுத்த மாதங்களில் மற்ற பட்டான் டிரைவர்களின் ஹைலக்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் வாசலுக்கு வந்தன. பழைய சாமான் சாக்கோடு வந்தவையும் உண்டு.

என் பட்டறை பில்லில் இன்றும் முதல் வரி அதுதான், பார்த்த கூலி. ஒன்றும் மாற்றாமல் எதற்குக் காசு என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கிழித்த ஓஸ், மடங்கிய ரப்பர் என்று கண்டுபிடித்ததைக் கையில் கொடுத்துக் காட்டினால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள்.